பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) மண்டலத் தண்ணி கடைமடைக்கு வர்றதுக்குள்ள எங்கெங்க போகுது?

கடைமடைக்காரன் (வெள்ளகோவில் பக்கம்)

வணக்கமுங்க. திருமூர்த்தி அணையில தண்ணி தொறந்து இன்னைக்கோட பதினோரு நாளு. வாய்க்காலோட வாலுல இருக்கற எங்க மடைக்கு இன்னும் சொட்டு எட்டல. பேப்பர்ல "கடைமடை வரை தண்ணீர் சென்று சேர நடவடிக்கை"ன்னு போட்டிருந்தான், அதைப் படிச்சுட்டு எங்கூட்டுல ஒரே சிரிப்பு.

நேத்து ராத்திரி தூக்கம் புடிக்கல. எக்ஸெல் வண்டியை எடுத்துட்டு வாய்க்கா மேட்டுலயே மேக்கால போனேன். மொத மூணு கிலோமீட்டருக்கு வாய்க்காலுக்குள்ள ஆட்டாம்புழுக்கைதான் கெடக்குது. அதுக்கு மேல ஈரம், கால வெச்சா செருப்பு ஒட்டுது. ஏழாவது கிலோமீட்டர்ல கணுக்கால் தண்ணி. அங்க வண்டியை நிறுத்தி, லைட்ட அணைச்சுட்டுக் காது குடுத்துக் கேட்டேன். ரெண்டு கரையிலயும் மோட்டார் சத்தம். ஒரு எடத்துல கருவேல முள்ளை வெட்டிப்போட்டு மூடியிருந்தாங்க. வெலக்கிப் பாத்தா அடியில கருப்பு ஓசு, சைபன் போட்டு அக்கட்டால இருக்கற கெணத்துக்குள்ள தண்ணி கொட்டுது. அதுக்கு கரண்டும் வேண்டியதில்ல, வாயில ஒரு இழுப்பு இழுத்து விட்டாப் போதும், விடிய விடிய ஓடும்.

நாலு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்கேனுங்க, முழங்கா உசரம். பாசன நெலத்தை நாலு மண்டலமாப் பிரிச்சிருக்காங்க, எங்க மண்டலத்துக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் முறை. இந்தச் சுத்து தப்புச்சுன்னா பயிரை மாட்டுக்குத்தான் அறுத்துப் போடோணும். பரம்பிக்குளத்துல இருந்து மலையைக் கொடைஞ்சு இவ்வளவு தூரம் வந்த தண்ணி, கடைசி இருவது கிலோமீட்டர்ல எப்படிங்க காணாமப் போகுது?

தோப்புக்காரர் (உடுமலை)

தம்பி, உங்க வயித்தெரிச்சல் புரியுது. ஆனா தலைமடைக்காரன்னா திருடன்னு ஒரு பேச்சு எல்லா எடத்துலயும் ஓடுது, அதை ஏத்துக்க மாட்டேன். எங்களுக்கும் சுத்து முழுசா வர்றதில்ல. திட்டம் போட்டது 30.5 டி.எம்.சி.க்கு (ஒரு டி.எம்.சி.ன்னா நூறு கோடி கன அடி). அந்த அளவு முழுசா வந்த வருசம் ஒண்ணைக் காட்டுங்க பாக்கலாம். தண்ணி கூட்டறதுக்குன்னு பேசுன ஆனைமலையாறு நல்லாறு திட்டத்தை இன்னும் கட்டவே இல்ல. கேரளாக்காரன் வுட்டாத்தானே? மூலத்துலயே தண்ணி கொறைஞ்சு போச்சு, நீங்க ஓசைப் புடிச்சுட்டுத் திரியறீங்க.

மடைத்திறப்பு

மூலத்துல கொறைஞ்சா எல்லாத்துக்கும் கொறையோணும்ல அண்ணா? ஒருத்தருக்கு மட்டும் எப்படி முழுசா கொறையுது?

ஓய்வுபெற்ற பொறியாளர்

நான் இந்தக் கால்வாயில் பல வருடம் வேலை பார்த்தவன். பெயர் வேண்டாம். தண்ணீர் வரும் வழியை ஒரு முறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம்.

வால்பாறைக்கு மேலே நீராற்றுத் தண்ணீர் சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம். அது 17.82 டி.எம்.சி. கொள்ளும் அணை, இருப்பது கேரள மண்ணில், பராமரிப்பது தமிழ்நாடு. அங்கிருந்து சுரங்கம் வழியாகத் தூணக்கடவு, பிறகு சர்க்கார்பதி மின் நிலையம். மின்சாரம் எடுத்த பிறகு வெளியே வரும் தண்ணீர்தான் காண்டூர் கால்வாயில் விழுகிறது. மலைச்சரிவில் ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து 49 கிலோமீட்டர் ஓடித் திருமூர்த்தியில் சேர்கிறது. அதற்கப்புறம் 124 கிலோமீட்டர் பிரதானக் கால்வாய். கடைமடைக்காரர் இருப்பது அதற்கும் அப்பால், கிளை வாய்க்காலின் வாலில்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. திருமூர்த்தி அணையின் கொள்ளளவு 2 டி.எம்.சி. கூடக் கிடையாது. ஒரு மண்டலம் என்பது ஏறக்குறைய 94,000 ஏக்கர். அத்தனை நிலத்திலும் ஓர் அடி உயரம் தண்ணீர் நிறுத்துவதாக வைத்துக்கொண்டாலே 4 டி.எம்.சி.க்கு மேல் வேண்டும். ஆக திருமூர்த்தி ஒரு தொட்டி மாதிரிதான். காண்டூர் கொண்டுவந்து ஊற்ற ஊற்ற நாம் மொண்டு விடுகிறோம். காண்டூரில் விநாடிக்கு 1,000 கன அடி ஓடுகிறது என்றால் 1 டி.எம்.சி. சேர 11 நாளுக்கு மேல் ஆகும். வழியில் ஓரிடத்தில் கரை சரிந்து ஒரு வாரம் நிறுத்த நேர்ந்தால், பரம்பிக்குளம் நிரம்பி வழிந்தாலும் இங்கே கால்வாய் காய்ந்துதான் கிடக்கும். தண்ணீர் இருப்பது ஓர் ஊரில், கழுத்து இருப்பது ஓர் ஊரில், வாய் இருப்பது ஓர் ஊரில்.

2022 செப்டம்பரில் என்ன ஆயிற்று? பரம்பிக்குளத்தின் மூன்று மதகுகளில் ஒன்றுக்கு எடைக்கல் தாங்கும் சங்கிலி நள்ளிரவில் அறுந்து, ஷட்டர் பிடுங்கிக்கொண்டு போனது. கிட்டத்தட்ட 6 டி.எம்.சி. தண்ணீர் சாலக்குடி ஆற்றில் போயிற்று. ஒரு மண்டலத்தின் பாதிப் பாசனம், யாரும் ஓசு போடாமலே போனது.

மடைத்திறப்பு

ஐயா, அந்தச் செய்தி வந்த காலையில எங்கப்பா டிவி முன்னாடி உக்காந்து எந்திரிக்கவே இல்லீங்க. அது எங்க மண்டலத்துக்கான வருசம்.

சித்தூர்க்காரி

"கேரளாக்காரன் வுட்டாத்தானே"ன்னு மேல ஒரு அண்ணா எழுதியிருக்கீங்க. அந்தக் கேரளாக்காரிங்க நானு. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலூக்கா, கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டுல பேசறது தமிழ், கோயில் நோம்பி எல்லாம் உங்க மாதிரியேதான், ரேசன் கார்டு மட்டும் மலையாளம்.

எங்களுக்கு மழை மறைவுப் பகுதி. மேற்கால பாலக்காடு நனையும், எங்க காட்டுல புழுதி பறக்கும். ஆழியாறுல இருந்து மணக்கடவு வழியா வருசத்துக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப்புழை ஆத்துக்கு வரோணும்னு ஒப்பந்தம். மூலத்தரை ரெகுலேட்டர்ல இருந்து பிரிச்சு விடுவாங்க. நீங்க பரம்பிக்குளத்தைப் பாத்து உக்காந்திருக்கற மாதிரி நாங்க ஆழியாறைப் பாத்து உக்காந்திருக்கோம். உங்க பேப்பர்ல "கேரளம் தர மறுக்கிறது"ன்னு வர்ற அதே நாளு எங்க பேப்பர்ல "தமிழ்நாடு தர மறுக்கிறது"ன்னு வரும். ரெண்டையும் படிக்கறவங்க நாங்கதான்.

இன்னொண்ணு, எங்களுக்கும் கடைமடை இருக்குதுங்க. புழையோரத்துல இருக்கறவங்களுக்கு நெல்லு, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் இருக்கறவங்களுக்கு டேங்கர் லாரி. நடுவுல தென்னை வெச்சவங்க கள்ளுக்குக் குத்தகை விட்டுட்டுத் தப்பிச்சுக்குவாங்க. கேரளாவுல பல ஜில்லாவுக்குக் கள்ளு இங்க இருந்துதான் போகுது.

தோப்புக்காரர்

அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க. கவர்மெண்டைச் சொன்னேன். உங்களைச் சொல்லல.

சித்தூர்க்காரி

எடுத்துக்கலீங்ணா. ஆனா கவர்மெண்டு ரெண்டும் பேசி முடிக்கறப்ப பாத்தா தண்ணி கணக்கு மாசக் கடைசியில சரியா இருக்கும், நாத்து வுடற நேரத்துல இருக்காது. கணக்குல 7.25 வந்துருச்சுன்னு காட்டறதுக்கு மழைக்காலத்துல வெள்ளமா வர்றதையும் சேத்து எழுதுனா எனக்கு என்ன புண்ணியம்?

ஐடி_விவசாயி

வணக்கம் அனைவருக்கும். நான் கோவையில் வேலை, பல்லடம் பக்கம் அப்பாவின் 3 ஏக்கர். ஒரு சந்தேகம், தப்பென்றால் திட்டாதீர்கள். சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியத்தில் சொட்டுநீர் கிடைக்கிறதே. எல்லோரும் சொட்டுநீருக்கு மாறிவிட்டால் பாதித் தண்ணீர் போதாதா? ஏன் இன்னும் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்ச வேண்டும்?

கடைமடைக்காரன்

திட்டலீங்க தம்பி. சொட்டுநீருக்கு தெனமும் கொஞ்சம் தண்ணி வேணும். மண்டலத் தண்ணி அப்படி வராது. முறை வந்தா உங்க மடைக்கு இத்தனை மணி நேரம்னு வரும், அதுல பாஞ்சாப் பாஞ்சதுதான். அப்பறம் அடுத்த சுத்து எப்பன்னு பாத்துட்டு இருக்கோணும். அந்தத் தண்ணியைச் சொட்டா விடோணும்னா மொதல்ல எங்கியாவது புடிச்சு வெக்கோணும். கெணறு இருந்தா கெணத்துல விடலாம். இல்லாட்டி பண்ணைக்குட்டை வெட்டி, தாள் விரிக்கோணும். என்கிட்ட இருக்கறது நாலு ஏக்கர், அதுல எங்க குட்டை வெட்டறது?

ஓய்வுபெற்ற பொறியாளர்

அவர் சொல்வது சரி. கூடவே இதையும் சொல்ல வேண்டும். இந்தத் திட்டமே புஞ்சைப் பயிருக்காகப் போட்டது. மக்காச்சோளம், நிலக்கடலை, சோளம், பருத்தி. நாலரை மாதம் தண்ணீர், ஒரு வெள்ளாமை, அப்புறம் நிலம் ஓய்வு. 1961இல் நேரு வந்து தொடங்கிவைத்தபோது பேச்சு அதுதான். முதலில் பாசனப் பரப்பு 2.5 லட்சம் ஏக்கர். 1994இல் அது 3.77 லட்சம் ஏக்கராகி, நான்கு மண்டலமாகப் பிரித்தார்கள். கேட்ட ஊருக்கெல்லாம் இல்லையென்று சொல்லாமல் கொடுத்தார்கள். அதற்கேற்பத் தண்ணீர் கூடவில்லை. முறை மட்டும் தள்ளிப்போனது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம்.

இப்போது பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை காரில் போய்ப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய வரை தென்னை. தென்னைக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் தண்ணீர் விட முடியுமா? மண்டலம் இல்லாத ஒன்றரை வருடமும் அந்த மரத்துக்கு யாராவது தண்ணீர் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? மரத்துக்கு நாளைக்கு 60, 70 லிட்டர் என்று வைத்து, ஏக்கருக்கு 70 மரம் என்று பெருக்கிப் பாருங்கள். தோப்புக்காரர் என் மேல் கோபப்படக் கூடாது.

தோப்புக்காரர்

கோபமில்லீங்க ஐயா, ஆனா பதில் இருக்குது.

எங்கப்பா காலத்துல கடலை போட்டோம், பருத்தி போட்டோம். பருத்தி எடுக்க ஆளு இல்ல. கடலை பறிக்கறதுக்கு முப்பது பேரு வேணும், எல்லாரும் திருப்பூர் கம்பெனி பஸ்ஸுல ஏறிப் போயிட்டாங்க. மிச்சம் இருந்தது நானும் எங்க அம்மாவும். தென்னைன்னா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மரமேறிய கூப்பிட்டாப் போதும். தண்ணி சுகத்துக்காக வெச்ச தோப்பு இல்லீங்க இது, ஆளு இல்லாமத்தான் வெச்சோம். இப்ப அந்தத் தென்னைக்கும் வேர்வாடல் வந்து நூறு நூறா வெட்டறாங்க, அதைப்பத்தி யாரும் இழை போட மாட்டாங்க.

அப்பறம், மண்டலத் தண்ணியில தோப்புக்கு நான் நேரா பாய்ச்சறது கம்மி. தண்ணி ஓடற நாலரை மாசமும் வாய்க்கா கசிஞ்சு கெணத்து மட்டம் ஏறுது. ஓடற வருசம் எங்க கெணத்துல கல்படி பன்னெண்டாவது வரைக்கும் தண்ணி நிக்கும். நின்னு போன வருசம் பாத்தா மோட்டாரை எறக்கி எறக்கி அடியில பாறைமேல உக்காத்தி வெச்சிருக்கோம். அந்தக் கசிவுதான் எங்களை ஓட்டுது. அதையும் திருட்டுன்னு சொல்லுவீங்களா?

வாய்க்கால்மேடு (ஈரோடு)

கசிவுன்னு சொன்னதும் நான் உள்ள வர்றேன். எங்களுது கீழ்பவானி. 200 கிலோமீட்டர் கால்வாய், 2.07 லட்சம் ஏக்கர், ஒத்தப்படை மதகுக்கு ஒரு போகம், ரெட்டைப்படை மதகுக்கு ஒரு போகம். 1950கள்ல கட்டுன மண் கால்வாய். அதுக்குக் கான்கிரீட் போடறோம்னு வந்தாங்க பாருங்க, ஊரே ரெண்டாப் போச்சு. ஒரே கோயில்ல ஒரே கொலத்துக்காரங்க ரெண்டு சங்கம். கடைமடைக்காரன் "போடு, அப்பத்தான் தண்ணி எனக்கு எட்டும்"ங்கறான். மேல இருக்கறவன் "போட்டா என் கெணறு செத்துப்போகும், கசிவை நம்பி வெள்ளாமை பண்றவன் எங்க போவான்"ங்கறான். உண்ணாவிரதமும் ரெண்டு பேரும் இருந்தாங்க, பந்தல் மட்டும் வேற வேற.

நான் ரெண்டு பந்தல்லயும் உக்காந்து டீ குடிச்சவன். ரெண்டு பேரு சொன்னதும் நெசம். நம்ம பகுதியில கால்வாய்ங்கறது தண்ணி கொண்டுபோற குழாய் மட்டும் இல்ல, போற வழியெல்லாம் ஊத்து குடுக்கறதும் அதுதான். 124 கிலோமீட்டருக்குத் தண்ணி கொண்டுபோனா வழியில பூமி குடிக்கத்தான் செய்யும். ஆனா பூமி குடிக்கறதும், முள்ளை மூடி ஓசு வெக்கறதும் ஒண்ணு இல்ல. அதைக் கலக்காதீங்க.

கடைமடைக்காரன்

கரெக்டுங்க. அண்ணன் கெணத்துல கசிவு ஏறுனா எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நான் சொல்றது வேற. ஆயக்கட்டுலயே (பாசன உரிமை உள்ள நெலத்துலயே) இல்லாத ஆளு வாய்க்காலோரமா அஞ்சு செண்டு வாங்கறான். கெணறு வெட்டறான். அங்க இருந்து மூணு கிலோமீட்டர் பைப் போட்டு எங்கியோ இருக்கற தோப்புக்கோ கோழிப்பண்ணைக்கோ கொண்டுபோறான். அஞ்சு செண்டுக்கு எதுக்குங்க பத்து எச்.பி. மோட்டாரு? அதுல பாதிப்பேரு லாரிக்காரனுக்கு விக்கறான். எங்க ஊருல கல்யாணத்துக்கு வாங்குன லாரித் தண்ணி எந்தக் கெணத்துலதுன்னு எனக்குத் தெரியும். என் மடைக்கு வரவேண்டிய தண்ணியைக் காசு குடுத்து வாங்கிக் கை கழுவியிருக்கேன்.

மட்டுறுத்துநர்

ஊர் பேரு, ஆள் பேரு, பாசன சபைத் தலைவர் பேரு போட்டு வந்த மூன்று பதிவுகளை எடுத்துவிட்டேன். புகார் இருந்தால் உரிய இடத்தில் கொடுங்கள், இங்கே வேண்டாம்.

மடைத்திறப்பு

உரிய இடத்துல குடுத்த மனு என் பீரோவுல ஒரு பைல் நெறைய இருக்குதுங்க :)

ஐடி_விவசாயி

2022இல் ஒட்டன்சத்திரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்துப் பொள்ளாச்சி, உடுமலை எல்லாம் போராடியது நினைவிருக்கிறது. அப்போது எல்லோரும் ஒரே மேடையில் இருந்தார்களே. இப்போது மட்டும் தலைமடை, கடைமடை என்று ஏன் பிரிகிறோம்?

கடைமடைக்காரன்

அன்னைக்கு நானும் லாரியில ஏறி வந்தேனுங்க. பக்கத்து ஜில்லாவுக்குப் போகுதுன்னா எல்லாரும் ஒண்ணு. பக்கத்துத் தோட்டத்துக்குப் போகுதுன்னா எவனும் வர மாட்டான். அன்னைக்கு மைக் புடிச்சுப் பேசுனவரு ஒருத்தரு தோட்டத்தையும் நேத்து ராத்திரி வண்டியில தாண்டித்தான் போனேன். அதுக்கு மேல சொன்னா மட்டுறுத்துநர் எடுத்துருவாரு.

ஓய்வுபெற்ற பொறியாளர்

அதிகாரி தரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒவ்வொரு பிரிவுக்கும் லஸ்கர் என்ற கால்வாய்க் காவலர்கள் இருந்தார்கள். கால்நடையாகக் கரையிலேயே நடப்பார்கள். எந்த மதகில் எவ்வளவு விரல் தண்ணீர் என்று கைத்தடியில் வெட்டுப்போட்டு வைத்திருப்பார் ஒருவர். ஷட்டர் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும், தூங்கும்போதும். அவர்கள் ஓய்வுபெறப் பெற அந்த இடம் காலியாகவே நின்றது. இன்று ரோந்து என்றால் போலீஸ், மின்வாரியம், வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து ஜீப்பில் ஒரு நாள் வருவது. ஜீப் சத்தம் இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே கேட்டுவிடும்.

சித்தூர்க்காரி

எங்க பக்கமும் அதே கதைதானுங்க ஐயா. ஜீப்பு மட்டும் வேற கலரு.

வாய்க்கால்மேடு

கடைமடை அண்ணனுக்கு ஒண்ணு கேக்கோணும். பி.ஏ.பி. வர்றதுக்கு முன்னாடி உங்க பக்கம் என்ன பண்ணுனாங்க?

கடைமடைக்காரன்

கொறங்காடுங்க. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லு தானா மொளைக்கும், நடுவுல வெள்வேல மரம். மாடு, ஆடு மேயும். காங்கயம் மாடு நின்னதே அந்தப் புல்லுல. மழை பேஞ்சாப் புல்லு, பேயலைன்னா மரத்துக் காயி. எங்க அப்பாரு காலத்துல தண்ணிக்குன்னு யாரையும் எதிர்பாத்ததில்ல. வாய்க்கா வந்ததும் பாதிக் கொறங்காட்டை ஒழுதாச்சு. தண்ணி வரும்னு நம்பித்தான் ஒழுதோம். இப்பத் தண்ணியும் இல்ல, புல்லும் இல்ல. ஒருக்கா ஒழுத கொறங்காடு பழையபடி திரும்பறதுக்குப் பல வருசம் ஆகும்.

பக்கத்துல வட்டமலைக்கரை அணையைப் பாத்தா இன்னும் நல்லாப் புரியும். அணையைக் கட்டிட்டாங்க, தண்ணிதான் இல்ல. வருசக்கணக்கா உள்ள முள்ளு மொளைச்சுக் கெடந்துச்சு. 2021ல பி.ஏ.பி. உபரியைத் திருப்பி விட்டப்ப ஊரே போயி பூப்போட்டுக் கும்பிட்டோம். எம்பொண்ணு அன்னைக்குத்தான் அதுல மொதமொதலாத் தண்ணியைப் பாத்தா.

தோப்புக்காரர்

தம்பி, உங்க மடை நம்பரைத் தனிச்செய்தியில போடுங்க. எங்க பாசன சபையில நாளான்னிக்குக் கூட்டம். ஒண்ணும் ஆகுமான்னு தெரியல, கேட்டுப் பாக்கறேன். ஓசு விசயமும் பேசறேன். எங்க பக்கம் ஒரு ரெண்டு பேரு இருக்காங்க, இல்லைன்னு சொன்னா பொய்யி.

கடைமடைக்காரன்

போட்டுட்டேனுங்ணா.

கடைமடைக்காரன் (இரண்டு நாள் கழித்து)

விடியக்காலம் நாலு மணிக்குத் தண்ணி வந்துருச்சுங்க. எந்தக் கூட்டத்துனாலன்னு தெரியல. முந்தாநேத்து மேக்கால மழை, மோட்டாரை நிறுத்தியிருப்பாங்கன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றாரு.

மொதல்ல சத்தம்தான் வந்துச்சு, காஞ்ச எலையைத் தள்ளிட்டு வர்ற சரசரப்பு. டார்ச் அடிச்சுப் பாத்தா நுரை. நுரைக்கு முன்னாடி தேங்காமட்டை, பால் கவரு, ஒத்தச் செருப்பு, பிராந்தி பாட்டலு. மேல இருக்கற ஊரு பூராவும் என்ன தின்னுச்சு, என்ன குடிச்சுதுன்னு வாய்க்காலைப் பாத்தாத் தெரிஞ்சுக்கலாம். மடையில நாலு வெரக்கடை தண்ணி. எனக்கு முறை ஆறு மணி நேரம். நாலு ஏக்கர்ல ரெண்டே முக்கால் பாஞ்சுது, மிச்சத்துக்குள்ள பக்கத்துக்காரர் முறை வந்துருச்சு, அடைச்சுட்டேன்.

பாயாத ஒண்ணே கால்ல பயிரு இன்னும் சுருண்டுதான் நிக்குது. அடுத்த சுத்து தேதி யாருக்காவது தெரிஞ்சா போடுங்க.